குற்றமா, கடனா?

உலகத்தில் நடக்கும் தீமைகளெல்லாம் தீயவர்களாலேயே நடக்கின்றன என்பது ஜனங்கள் பொதுவாகக் கொண்டிருக்கும் எண்ணம். நமது புராணங்களும் தெருக்கூத்துக்களும் இவ்வெண்ணத்தையே வளர்த்து வந்திருக்கின்றன. அரக்கனுக்குக் கோரைப்பல்லும் கொடும் பார்வையும் உண்டு. மேடையில் அவன் தோன்றியவுடனே சிறு குழந்தையும் அவனை அடையாளம் கண்டுகொள்ளும். ஆனால் வாழ்க்கை அவ்வளவு எளிதான கூத்தன்று. கருணையுள்ளவர்கள், கல்வியுள்ளவர்கள், பிறர் துயர் கண்டு தாமும் கண்ணீர் விடுபவர்கள் ஆகிய இத்தகையோரும் பெரியதோர் அநீதியின் பந்தியில் அமர்ந்து வயிறார உண்டு எழுந்து போவதை நாம் காண்கிறோம். அவர்களை என்னென்று சொல்வது? தீயோர் என்று சொல்ல நா எழவில்லை. குற்றமற்றோர் என்று சொல்லவும் மனம் ஒப்பவில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அந்நிலை யாது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெறும் வாதமாகப் பேசினால் இது காற்றில் எழுதிய எழுத்தாகிவிடும். ஆகையால் ஓர் உண்மை வரலாற்றை முன்னிறுத்திக்கொண்டு பேசுவோம். அது நம்மவர் வரலாறன்று. கப்பலேறிக் கானடா தேசத்தில் குடிபுகுந்த ஓர் இளந்தம்பதிகளின் வரலாறு. இங்கிலீஷ் பள்ளியில் படித்த காலத்தில் குடியேறிகளின் கதைகள் பலவற்றை நாம் பாடப் புத்தகமாக வாசித்ததுண்டு. அக்கதைகளில் வரும் வெள்ளையர் காட்டை அழித்து வயலாக்குவார். குளிரையும் பசியையும் வெல்வார். அக்காடு அதற்கு முன் யாருடையது என்ற கேள்வி பாடத்திலும் வராது, பரீட்சையிலும் வராது.

கப்பலேறியவர்கள்

ஸுஸன்னா ஸ்டிரிக்லாந்து என்னும் அம்மையார் 1803ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சபோக் மாகாணத்தில் பிறந்தவர். கற்ற குடும்பம், ஆனால் தந்தை 1818இல் இறந்தபின் செல்வம் சுருங்கிய குடும்பம். பெண்மக்கள் பலரும் எழுதுகோலைப் பிடித்தே குடும்ப மானத்தைக் காத்தனர். 1831ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அவர் டன்பார் மூடி என்பவரை மணந்தார். மூடி ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆர்க்னித் தீவினர். நெப்போலியன் காலத்துப் போரில் காயம் பட்டவர். பின் தென்னாப்பிரிக்காவில் சுமார் 10 ஆண்டுகள் குடியேறியிருந்து திரும்பியவர். படையிலிருந்து கிடைத்த அரைச் சம்பளத்தைத் தவிர அவருக்குச் சொத்தில்லை. மணமான மறு ஆண்டே ஒரு பெண் குழந்தை பிறந்தது. நாகரிகமாக வாழவும் வழியில்லை. கூலிக்கு உழைக்கவும் அவ்வகுப்பாரின் மானம் இடங்கொடாது. அக்காலத்தில் கானடாவின் வளத்தைப் புகழ்ந்து ஊரூராகச் சொற்பொழிவு செய்வோர் இருந்தனர். நிலம் விற்பதற்கென்றே கானடா கம்பெனி என்ற ஸ்தாபனமும் 1826இல் அரச பட்டயம் பெற்றிருந்தது. நமது கிராமங்களுக்குக் கங்காணி வந்தார்; அவர்களுடைய ஊர்களுக்குச் சொற்பொழிவாளர் வந்தார். அங்கே காசு மண்ணில் விளைகிறது என்பதே இருவர் பேச்சின் சாரமும்.

1832ஆம் ஆண்டு ஜூலை 1ந் தேதி லீத் துறைமுகத்திலிருந்து ‘ஆன்’ என்ற சிறு பாய்க்கப்பலில் அத்தம்பதிகள் கைக்குழந்தையோடு புறப்பட்டனர். பிரயாணிகள் 72 பேர். காற்று நின்று கப்பல் நடுக்கடலில் நாட்கணக்கில் அசையாது கிடந்தது, உணவு குறைந்தது. இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்டு 30ந் தேதி, செயிண்ட் லாரன்ஸ் நதியிலுள்ள குரோஸ் ஈல் என்னும் தீவை அடைந்தனர். அவ்வாண்டு வாந்திபேதி அத்தேசத்தில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொள்ளை கொண்டிருந்தது. வருவோரை நிறுத்திச் சோதிப்பதற்காகவே அத்தீவு அவ்வாண்டில் ஒதுக்கப்பட்டது. தூரத்திலிருந்து பார்த்தபோது அத்தீவு சொர்க்கம் போலத் தோன்றிற்றென்றும், கரையை நெருங்கியபின் அங்கு நெருக்கியடித்து நின்ற ஏழைக் குடியேறிகளின் கூச்சலும் அலங்கோலமும் தமக்கு அருவருப்பை ஊட்டினவென்றும் ஸுஸன்னா எழுதியிருக்கிறார். இனி நாமும் கனவான்களே என்று குதித்து ஆரவாரித்த ஏழைத் தொழிலாளியின் களிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரே கடலைக் கடந்து ஒரே நோய்க்கு அஞ்சி ஒரே கரையில் இறங்கியவர்களுக்குள்ளும் மேல், கீழ் என்னும் எண்ணம் கடலில் கரையவில்லை என்பது குறிக்கத்தக்கது. ஜாதிப் பேய் நம்மோடு மட்டுமே கப்பலேறிற்று என்று நினைப்பது தவறு.

எழுதியவர் யார் என்பது

நிற்க. இவ்வம்மையாரை நாம் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அவருடைய கஷ்டமன்று. கஷ்டப்பட்ட குடியேறிகள் லட்சக்கணக்கில் உண்டு. மணமாவதற்கு முந்தின ஆண்டில் அவர் செய்த ஒரு காரியமே காரணம்.

அப்போது அவர் லண்டனில் தாமஸ் பிரிங்கிள் என்பவருடைய வீட்டில் விருந்தினராக இருந்தார். பிரிங்கிள் அடிமைமுறை எதிர்ப்புச் சங்கத்தின் காரியதரிசி. அவ்வீட்டில் மேரி பிரின்ஸ் என்ற கறுப்புப் பெண்மணி வேலை செய்து வந்தார். பெர்முடா தீவில் அடிமையாகப் பிறந்தவர், கைமாறிக் கைமாறி விற்கப்பட்டவர், சவுக்கடி பட்டவர். 1828இல் எஜமானர் அவரை லண்டனுக்கு அழைத்து வந்தபோது அவ்வீட்டை விட்டு வெளியேறிச் சங்கத்தாரிடம் அடைக்கலம் புகுந்தவர். அவர் தம் வாழ்க்கையைச் சொல்லச் சொல்ல, அதைக் கேட்டு எழுதியவர் ஸுஸன்னாவே. 1831இல் அது நூலாக வெளிவந்து இங்கிலாந்தையே உலுக்கிற்று. கறுப்பு அடிமைப் பெண் ஒருத்தியின் வாழ்க்கை வரலாறு பிரிட்டனில் அச்சேறியது அதுவே முதல் தடவை. ஆஷ்டன் வார்னர் என்ற மற்றோர் அடிமையின் வரலாற்றையும் அவ்வாண்டிலேயே ஸுஸன்னா எழுதி வெளியிட்டார். அடிமைகளின் நிலையைப்பற்றித் தாமும் முன்பு அக்கறையற்றிருந்ததாகவும், அவர்கள் வாய்மொழியை நேரில் கேட்டபின்பே தம் மனம் மாறியதாகவும் அந்நூலின் முகவுரையில் அவர் ஒப்புக்கொள்கிறார்.

இதை நாம் மிகவும் மதிக்கிறோம். தாம் எண்ணியிருந்தது பிழை என்று அச்சில் ஒப்புக்கொள்ளும் தைரியம் எத்தனை பேருக்கு உண்டு? உண்மையைக் கேட்டார், கேட்டபின் மாறினார், மாறியபின் எழுதினார். பகுத்தறிவுள்ள மனிதர் நடக்கவேண்டிய வழி இதுவேயன்றோ?

இத்தகைய அம்மையார், மறு ஆண்டே, பிறர் நிலத்தில் குடியேறுவதற்காகக் கப்பலேறினார். இங்கேதான் நமது கேள்வி பிறக்கிறது.

காட்டின் சொந்தக்காரர்

மூடி தம்பதிகள் முதலில் கோபர்க் நகருக்கு அருகே ஒரு பண்ணையை விலைக்கு வாங்கினர். கடனில் மூழ்கி அதை இழந்திருந்த பழைய குடும்பத்தார் வீட்டை விட்டு வெளியேறாமல் பல மாதம் இழுத்தடித்தனர். விலை கொடுத்து வாங்கிய வீடு கண்ணெதிரே இருக்க, நாம் குடிசையில் கிடப்பதா என்று ஸுஸன்னா நொந்துகொண்டார். அந்நோவு நியாயமானதே. நம் வீட்டில் பிறர் அமர்ந்திருப்பது எவ்வளவு வேதனை என்பதை அவர் அப்போது நன்கறிந்தார் என்பதை மட்டும் நாம் நினைவில் வைத்துக்கொள்வோம்.

1834இல் அப்பண்ணையை விட்டு டூரோ என்னும் அடர்ந்த காட்டுப் பிரதேசத்துக்குப் பெயர்ந்தனர். ஸுஸன்னாவின் சகோதரரும் சகோதரியும் அங்கே முன்பே குடியேறியிருந்தனர். படை அதிகாரி என்ற தகுதியால் மூடிக்கு அரசாங்கம் அங்கு நிலம் அளித்தது. அங்கு அவர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. கையிலிருந்த பணத்தை நீராவிக் கப்பல் கம்பெனி ஒன்றின் பங்குகளில் போட்டு இழந்தனர். குளிர்காய்ச்சல் குடும்பம் முழுவதையும் கிடத்திற்று. இலக்கியம் எழுதிய கையால் அம்மையார் உருளைக்கிழங்கு நிலத்தைக் கொத்தினார். பால் கறக்கக் கற்றார். காப்பிக்கொட்டை வாங்க வகையின்றிக் காட்டுப்பூண்டின் வேரை வறுத்துக் காப்பியாக்கினார். இவற்றையெல்லாம் அவர் 1852இல் லண்டனில் வெளியிட்ட ‘ரஃபிங் இட் இன் தி புஷ்’ என்ற நூலில் எழுதியிருக்கிறார். காட்டில் பட்ட கரடுமுரடான பாடு என்பது அப்பெயரின் கருத்து. சொற்பொழிவாளரின் வாய்ஜாலத்தை நம்பித் தம் வகுப்பார் எவரும் ஏமாறவேண்டாம் என்று எச்சரிப்பதே அந்நூலின் நோக்கம்.

அக்காட்டில் அவர்களுக்கு அண்டை அயலார் யார்? மிஸ்ஸிஸாகா என்னும் ஆதிக்குடிகள். அவர்களைப்பற்றி ஒரு முழு அத்தியாயமே நூலில் உண்டு. வெள்ளைக் குடியேறிகள் பலரைக் காட்டிலும் அவர்களே நாணயமும் நன்றியுமுள்ளவர்கள் என்று அம்மையார் அன்போடு எழுதுகிறார். இவ்வீட்டார் வறுமையால் வாடிய காலத்தில் ஆதிக்குடியினர் ஒருவர் தாம் பிடித்த மீனையும், வேட்டையாடிய வாத்தையும், மான் இறைச்சியையும் கதவுக்கு உட்புறமாக ஓசையின்றி வைத்துவிட்டுப் போவாராம். ஓர் ஏழை ஆதிக்குடி கையிலிருந்து நேரே பெற்றுக்கொள்ள நேர்ந்தால் இவர்கள் மனம் புண்படுமோ என்று அவர் அஞ்சினாராம். அன்பர்கள் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். எத்துணை மேன்மையான உள்ளம்! கொடுப்பவனுடைய பெருமையையன்றி வாங்குபவனுடைய மானத்தை நினைத்துக் கொடுத்த கொடை அது.

அவர் கொண்டுவந்து வைத்த அக்கதவு எந்த நிலத்தில் நின்றது? இதற்கும் அம்மையாரின் நூலே விடை தருகிறது. தங்கள் நிலம் மேப்பிள் மரங்கள் நிறைந்தது. ஆதிகாலத்தில் அது ஆதிக்குடிகள் அம்மரத்தின் பாலை இறக்கிச் சர்க்கரை காய்ச்சிய தோப்பு. அருகிலுள்ள ஓரிடத்தில் அவர்கள் பல்லாண்டுகளாகக் கூடாரமடித்து வந்தனர். இடம் அந்நியர் கைக்கு மாறிய பின்பும் பழக்கம் விடாமல் வந்து மீன் பிடித்தும் ஓடம் செய்தும் போகின்றனர் என்று அவரே எழுதுகிறார். மரத்திலிருந்து பாலிறக்கிப் பிழைப்பதென்றால் என்னவென்று நமது தோட்டத்து வாசகர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டுவதில்லை.

அந்நிலம் கைமாறிய விதம் இது. 1818ஆம் ஆண்டு நவம்பர் 5ந் தேதி செய்யப்பட்ட உடன்படிக்கையின்படி ஏறக்குறைய 19,51,000 ஏக்கர் நிலம் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு விடப்பட்டது. அதற்கு ஈடாக ஆண்டுதோறும் 740 பவுன் பெறுமானமுள்ள சாமான்கள் ஆதிக்குடிகளுக்குக் கொடுக்கப்படும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஒரு பென்னியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. எழுத்தறிந்தவர் எழுதி, எழுத்தறியாதவர் குறியிட்ட உடன்படிக்கை. கணக்கு எழுதும் தொழிலிலுள்ள நமக்கு இத்தகைய தஸ்தாவேஜுகளின் தன்மை தெரியும். கைநாட்டு என்பது சம்மதத்தின் அடையாளமாகவும் இருக்கும். வேறு வழியின்மையின் அடையாளமாகவும் இருக்கும். காகிதத்தைப் பார்த்து இரண்டில் எது என்று சொல்ல இயலாது.

விதி என்னும் சொல்

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். இவ்வளவும் தெரிந்த ஸுஸன்னா அம்மையார் இதைப்பற்றி என்ன முடிவு கூறினார்? இத்தனை நற்குணமுள்ள மக்கள் நாகரிகமுள்ளோரால் கெடுக்கப்படுகின்றனரே என்று மெய்யாகவே வருந்தினார். பின்பு, அறியவொண்ணாத ஏதோவொரு விதி அவர்கள்மேல் கவிந்து அவர்களைக் காட்டுக்குள்ளே தள்ளி, மெல்ல மெல்ல உலகினின்று துடைக்கிறது என்று எழுதி முடித்தார்.

விதி! மேரி பிரின்ஸின் முதுகில் விழுந்த சவுக்கடியை இதே அம்மையார் விதி என்று எழுதவில்லை. அடித்தவன் யார், அடிக்க உரிமை கொடுத்த சட்டம் எது, அச்சட்டத்தை மாற்றவேண்டியவர் யார் என்று தெளிவாக உணர்ந்தார். அங்கே மனிதர் செய்த தீமையென்று கண்ட கண்ணுக்கு, இங்கே விதி செய்த தீமையென்று தோன்றியது ஏன்?

அவர் கபடமுள்ளவர் என்று நாம் நினைக்கவில்லை. காரணம் எளிது. சர்க்கரைத் தோட்டத்து அடிமையின் உழைப்பால் அவருக்கு நேரே வந்த லாபம் ஒன்றுமில்லை. ஆகவே அவ்வுண்மையை ஒப்புக்கொள்ள அவர் இழக்கவேண்டியது தம் பழைய எண்ணத்தை மட்டுமே. அதை மனமார இழந்தார். டூரோ நிலத்தின் உண்மையோ அப்படிப்பட்டதன்று. அதை ஒப்புக்கொண்டால் காலின் கீழுள்ள மண்ணையே ஒப்புக்கொடுக்க வேண்டிவரும். குழந்தைகளின் படுக்கை ஆடும். விலை கொடுக்க வேண்டாத உண்மையை நாம் உண்மை என்கிறோம்; விலை கேட்கும் உண்மையை விதி என்கிறோம்.

விதி, கர்மம், தலையெழுத்து என்ற சொற்களை நமது சீர்திருத்தக்காரர் இத்தனை காலம் கண்டித்து வந்ததன் கருத்து இதுவே. ஒடுக்கப்பட்டவனை அடங்கியிருக்கச் செய்யும் மருந்து அது என்று பலரும் சொல்லியிருக்கின்றனர். அது பாதி உண்மையே. நலம் பெற்றவனை நிம்மதியாக உறங்கச் செய்யும் மருந்தும் அதுவே. இரண்டாவது உபயோகம் அதிகம் பேசப்படுவதில்லை. ஏனெனில் பேசுகின்றவர்கள் பெரும்பாலும் நலம் பெற்றவர்கள்.

பசுவும் சொந்தக்காரனும்

அப்படியானால் மூடி தம்பதிகள் குற்றவாளிகளா? இல்லை என்பதற்குக் கூறும் நியாயங்கள் வலிமையுள்ளவை. அவர்கள் எவரையும் அடித்து விரட்டவில்லை. உடன்படிக்கை எழுதியது அவர்கள் வருமுன் 14 ஆண்டுகள். வறுமை துரத்திற்று, வந்தார்கள். அவர்கள் வராவிட்டால் அந்நிலத்துக்கு வேறொருவர் வந்திருப்பார். இவையெல்லாம் மெய்.

ஆனால் ஓர் உவமை கூறுவோம். சந்தையில் ஒருவன் நியாயமான விலை கொடுத்து ஒரு பசுவை வாங்குகிறான். அது களவு மாடு என்று அவனுக்குத் தெரியாது. வாங்கினவன் திருடனா? அல்லன். சில நாள் கழித்துப் பக்கத்து ஊரான் ஒருவன் வந்து அப்பசுவின் கழுத்தைத் தடவுகிறான்; பசுவும் அவன் கையை நக்குகிறது. இவன் அவ்வூராரை விசாரிக்கிறான். பசு அவனுடையதுதான் என்று அறிகிறான். அந்தக் கணம் வரையில் இவன்மேல் பழியில்லை. அந்தக் கணத்துக்குப்பின் இவன் என்ன செய்கிறான் என்பதே கேள்வி. பசுவைத் திருப்பித் தரலாம். ஒரு பங்கு தரலாம். விற்றவனைத் தேடி இருவருமாகப் போகலாம். குறைந்தது, ஐயா, இது உம்முடையது, என் பிள்ளைகள் இதன் பாலைக் குடித்துவிட்டார்கள், நாம் இருவரும் கலந்து ஒரு வழி காண்போம் என்றாவது சொல்லலாம். இவற்றில் ஒன்றும் செய்யாமல், உன் பசு உன்னை விட்டுப்போனது உன் விதியப்பா என்று பெருமூச்சு விட்டுக்கொண்டே பால் கறப்பானாகில், அவனுடைய பெருமூச்சு எவ்வளவு உண்மையானதாயினும் நாம் அவனை மெச்சமாட்டோம்.

ஆகவே குற்றம் வேறு, கடன் வேறு. குற்றம் செய்தவனைச் சாரும். அவன் செத்தால் அதுவும் சாகும். கடன் சொத்தைச் சாரும். சொத்து போகும் வழியெல்லாம் கூடவே போகும். தந்தை வாங்கிய கடனுக்கு மகன் குற்றவாளியல்லன். ஆனால் தந்தையின் வீடு வேண்டும், கடன் வேண்டாம் என்று மகன் சொல்வானாகில் ஊரார் சிரிப்பார்கள். குற்றத்தைச் சுமத்தினால் மனிதர் வாதாடுவர். நான் செய்யவில்லை என்று மறுப்பர். அம்மறுப்பு உண்மையாகவும் இருக்கும். கடனைக் காட்டினால் வாதாட இடமில்லை. எவ்வளவு, எப்படி, எப்போது என்ற கணக்கே மிஞ்சும்.

இது வெறுங்கனவு என்று நினைப்போர் பின்பு நடந்ததைக் கேட்கவேண்டும். அப்பிரதேசத்து ஆதிக்குடிகளோடு 1923இல் வில்லியம்ஸ் உடன்படிக்கைகள் என்று புதிதாகச் செய்துகொண்ட ஏற்பாட்டால் அவர்களுக்கு வேட்டையாடும், மீன் பிடிக்கும் உரிமையும் பறிபோயிற்று. பறிபோனது சரியே என்று 1994இல் கானடாவின் உச்ச நீதிமன்றமும் தீர்ப்புக் கூறிற்று. அவர்கள் சோரவில்லை. 2018இல் கானடா அரசாங்கமும் ஒண்டேரியோ மாகாண அரசாங்கமும் 111 கோடி டாலர் ஈடு கொடுக்கவும், பழைய உரிமைகளை ஒப்புக்கொள்ளவும் இசைந்தன. அவ்வாண்டு நவம்பரில் மன்னிப்பும் கோரின. 1818இல் குறியிட்டவர்களோ, 1834இல் அக்காட்டில் குடிசை போட்டவர்களோ அன்று உயிரோடில்லை. மூடி 1869இலும் ஸுஸன்னா 1885இலும் காலமாயினர். குற்றவாளி என்று நிறுத்த ஒருவருமில்லை. ஆயினும் கடன் இருந்தது. பணத்தால் அது முழுவதும் தீர்ந்ததென்று நாம் சொல்லவில்லை. விதி என்று ஒரு காலத்தில் எழுதப்பட்டது, பின்னொரு காலத்தில் கணக்கில் ஏறும் தொகையாயிற்று என்பதையே சொல்கிறோம்.

நம் பேரேடு

வெள்ளையர் கதையை இவ்வளவு நேரம் பேசிவிட்டு நம்மைப்பற்றி மௌனமாயிருத்தல் நேர்மையன்று.

1833இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு அடிமைமுறையை ஒழித்துச் சட்டம் செய்தது. எஜமானர்களுக்கு 2 கோடி பவுன் நஷ்ட ஈடு. அடிமைகளுக்கு ஒரு காசுமில்லை. 1834 முதல் சர்க்கரைத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர் மொரீஷியஸ் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். பின்னே மற்றத் தீவுகளும், மலாயாவும் வந்தன. மேரி பிரின்ஸின் கதை முடிந்த இடத்தில் நமது கதை தொடங்குகிறது. ரஜூலா போன்ற கப்பல்களின் மேல்தட்டில் சுருண்டு கிடந்து வந்த நம் முன்னோர்களுக்கு 400 ஏக்கரும் இல்லை, 4 ஏக்கரும் இல்லை. லயத்தில் ஓர் அறை கிடைத்தது. காட்டை வெட்டினவர்கள் அவர்கள், காடு அவர்களுடையதாகவில்லை. அவர்களை மூடி தம்பதிகளோடு ஒன்றாக நிறுத்துவது பெரும் பிழை. ஆயினும் அக்காடும் ஆளற்ற காடன்று. ஓராங் அஸ்லி மக்கள் அங்கே நடமாடினர். நமது பாட்டன்மார் சொல்லும் பழங்கதைகளில் புலி வருகிறது, மலைப்பாம்பு வருகிறது, மலைக்காய்ச்சல் வருகிறது. அம்மக்கள் அரிதாகவே வருகின்றனர். ஒடுக்கப்பட்டவனும் தனக்கு முன் ஒடுக்கப்பட்டவனைக் காணத் தவறலாம்.

தனக்குப் பின் வருபவனையும் காணத் தவறலாம். இதற்குச் சாட்சி நாமே.

தோட்டத்தில் சம்பளக் கணக்கு எழுதுவது நமது உத்தியோகம். முன்பு பால்மரம், இப்போது செம்பனை. முன்பு பெரட்டில் தமிழ்ப் பெயர்களே ஒலிக்கும். இப்போது பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும். ஒரு சம்பள நாளில் வங்காளதேசத்து இளைஞர் ஒருவர் நம் மேஜைக்கு முன் வந்து, உடைந்த மலாயில், தம் சம்பளத்தில் இன்ன தொகை ஏன் பிடிக்கப்பட்டதென்று கேட்டார். ஊரில் நிலத்தை அடகு வைத்து ஏஜண்டுக்குக் கட்டிவிட்டு வந்தவர். அத்தொகை எதற்கென்று நமக்கும் சரியாகத் தெரியாது. மேலிருந்து வந்த பட்டியலில் இருந்தது, எழுதினோம். வரிசை நீண்டிருந்தது. ‘நசிப்’ என்று ஒரே சொல்லைச் சொல்லிக் கையை விரித்தோம். அச்சொல் மலாயிலும் உண்டு, வங்காளத்திலும் உண்டு. இரண்டிலும் அதன் பொருள் விதியே. மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. அவர் தலையசைத்துவிட்டுப் போனார். அவருடைய முகத்தில் கோபமில்லை. இதே விடையைப் பல மேஜைகளில் கேட்டவரைப் போலவே அவர் போனார்.

நம் பாட்டனார் முதல் சம்பளம் வாங்கிய நாளில் பிடித்தம் ஏதென்று கேட்டதற்கு, மேஜைக்கு அப்பால் இருந்த கிராணி என்ன விடை சொன்னார் என்பதை வீட்டில் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறோம். அது தலையெழுத்து என்றாராம். அக்கதையைக் கேட்டு அந்தக் கிராணியை நாம் எத்தனையோ முறை வைதிருக்கிறோம். அவர் மேஜையில் இன்று இருப்பவர் நாமே.

ஸுஸன்னா அம்மையாரின் நூலை அதன்பின் மறுபடியும் எடுத்து வாசித்தபோது, விதி என்று அவர் எழுதிய இடத்தில் நம்மால் அவரைப் பழிக்க முடியவில்லை; அதைக் கடந்து போகவும் முடியவில்லை. பிறர் கதையைக் கேட்டு எழுதும் கை அவருக்கிருந்தது. பிறர் பெயரை எழுதும் கை நமக்கும் இருக்கிறது. ஆகவே மறு மாதம் அப்பட்டியலை எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போய், இன்னின்ன பிடித்தம் இன்னின்ன காரணத்துக்கு என்று எழுதித் தரும்படி கேட்டோம். சிலவற்றுக்கு விடை வந்தது. சிலவற்றுக்கு வரவில்லை; கேட்டதற்கு முகச்சுளிப்பு வந்தது. வந்த விடைகளை எளிய மலாயில் எழுதி, சம்பள நாளில் ஒவ்வொருவருக்கும் வாசித்துக் காட்டுகிறோம். வராதவற்றுக்கு நேரே, காரணம் தெரியவில்லை, கேட்டிருக்கிறோம் என்று எழுதுகிறோம். வரிசை முன்னிலும் மெதுவாகவே நகர்கிறது.

இதனால் அவ்விளைஞரின் அடமானம் மீண்டுவிடவில்லை. ஆனால் காரணம் தெரியாத அந்தத் தொகையின் பெயர் இப்போது விதியன்று. விடை வரவேண்டிய கணக்கு என்று அது பேரேட்டில் நிற்கிறது. மாதம் பிறந்தால் மறுபடியும் கேட்போம்.